ஐம்பது வயது வண்டியில் ஒரு யாத்திரை

வயது முதிர்ந்தவர்கள் யாத்திரைக்குப் புறப்படும்போது சந்நிதியைப் பற்றிக் கவலைப்படுவதில்லை; வழியைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். எங்கே உண்பது, எங்கே சற்றுக் கால் நீட்டுவது, அடுத்த கழிவறை எத்தனை கல் தொலைவில் இருக்கும் என்பவையெல்லாம் பிறரிடம் சொல்லத் தயங்கும் கவலைகள். கூண்டு வண்டி கட்டிக்கொண்டு புறப்பட்ட முன்னோர்க்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. வைக்கோல் பரப்பிய படுக்கையும், அரிசி மூட்டையும், அடுப்பும், தண்ணீர்க் குடமும் வண்டியிலேயே வந்தன. அந்தி சாய்ந்ததும் சத்திரத்து வாசலில் மாட்டை அவிழ்த்துவிட்டு, உலை வைத்து உண்டு உறங்கினார்கள். அதே ஏற்பாட்டை மோட்டார் வாகனத்தில் அமைத்துக்கொண்டதுதான் மேலைநாட்டார் ‘கேம்பர் வேன்’ என்று சொல்லும் வண்டி. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு சிறிய அடுப்பு, கைகழுவும் தொட்டி, அலமாரி, விரித்தால் கட்டிலாகும் இருக்கை ஆகியவற்றைக் கொண்ட நடமாடும் வீடு அது.

லண்டன் மாநகரின் ஓரத்தில் வாழும் யாழ்ப்பாணத்துத் தம்பதியர், 2022-ஆம் ஆண்டின் வசந்தகாலத்தில் அத்தகைய வண்டி ஒன்றை வாங்கினர். வண்டி செய்யப்பட்ட ஆண்டு 1973. கணவருக்கு அப்போது 66 வயது; பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக உழைத்து ஓய்வு பெற்றவர். மனைவிக்கு வயது 63. நீண்டகாலச் சர்க்கரை நோயும், இரு முழங்கால்களிலும் தேய்மானமும் உண்டு. அதற்கு முந்தைய ஆண்டு பர்மிங்காம் அருகே டிவிடேலில் உள்ள பாலாஜி கோயிலுக்குக் காரில் சென்றபோது, நெடுஞ்சாலையில் போக்குவரத்து நெரிசலில் சிக்கி, வேளைக்கு உண்ண முடியாமல் அந்த அம்மையார் மயங்கிச் சரிந்தார். வழியிலுள்ள ஓய்விடங்களில் சுத்த சைவ உணவு கிடைப்பது அரிது. கிடைத்தாலும் எதில் சமைத்தார்களோ என்ற ஐயம். அன்று முதல் அவர் தொலைதூரக் கோயில்களுக்கு வர மறுத்துவிட்டார். “இனி வீட்டுச் சாமியே போதும்” என்று அவர் சொன்னதைக் கணவரால் ஏற்றுக்கொள்ள இயலவில்லை.

புதிய கேம்பர் வேனின் விலை அவருடைய கைக்கு எட்டாதது. இருபது ஆண்டு பழமையான டீசல் வண்டி மலிவாகக் கிடைக்கும். ஆனால் அது லண்டனில் ஓடினால் புகைக்காக நாள் ஒன்றுக்கு 12.50 பவுண்டு கட்டணம் செலுத்த நேரிடும். நாற்பது ஆண்டுகளைக் கடந்து ‘வரலாற்று வாகனம்’ என்ற பதிவைப் பெற்ற வண்டிக்கோ அந்தக் கட்டணமும் இல்லை, சாலை வரியும் இல்லை. இருபது வயதுக்காரன் தண்டம் கட்ட, ஐம்பது வயதுக்காரன் கைவீசிக்கொண்டு போகலாம் என்ற இந்தச் சட்டத்தின் நியாயம் எளிதில் விளங்குவதன்று. என்றாலும் முதியோர்க்குச் சலுகை தருவதைக் குறை சொல்வானேன்?

அவர் தேடியது வோக்ஸ்வாகன் நிறுவனத்தின் வண்டியை. அது பிறந்த கதை சுவையானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் தொழிற்சாலைக்கு வந்த பென் பொன் என்னும் டச்சு வணிகர், அங்கே தொழிலாளர்கள் பாகங்களை ஏற்றிச் செல்வதற்காக ‘பீட்டில்’ காரின் அடிச்சட்டத்தைக் கொண்டு ஒப்பேற்றியிருந்த தட்டு வண்டியைக் கண்டார். 1947 ஏப்ரலில் தம் குறிப்பேட்டில் ஒரு பெட்டி வண்டியைக் கிறுக்கலாக வரைந்தார். முன்னால் ஓட்டுநர், பின்னால் என்ஜின், நடுவே சரக்கு, அவ்வளவுதான். 1950 மார்ச்சில் அந்தக் கிறுக்கல் வண்டியாக உற்பத்திக்கு வந்தது. 1956-இல் உற்பத்தி ஹனோவர் நகருக்கு மாறியது. வெஸ்ட்ஃபாலியா என்ற ஜெர்மன் நிறுவனம் அதற்குள் கட்டிலும் அலமாரியும் பொருத்தித் தந்தது; இங்கிலாந்தில் டெவன், டார்மொபில், டான்பரி முதலிய நிறுவனங்கள் அதே வேலையைச் செய்தன. 1967-இல் இரு துண்டாக இருந்த முன்கண்ணாடி போய், வளைந்த ஒரே கண்ணாடி வந்தது. அந்த வடிவம் ஜெர்மனியில் 1979 வரை நீடித்தது. பிரேசில் நாட்டில் இதே குலத்து வண்டி 2013 வரை செய்யப்பட்டு வந்தது.

இந்த வண்டிகளுக்கு இந்தியாவோடும் ஓர் உறவு உண்டு. 1960-களிலும் 70-களிலும் ஐரோப்பிய இளைஞர்கள் இவற்றில் ஏறிக்கொண்டு இஸ்தான்புல், டெஹ்ரான், காபூல், லாகூர் வழியாக டெல்லிக்கும் கோவாவுக்கும் காத்மாண்டுவுக்கும் வந்தார்கள். 1979-இல் ஈரானில் நிகழ்ந்த புரட்சியும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகள் நுழைந்ததும் அந்தத் தரைவழியை மூடிவிட்டன. பூச்சித்திரம் தீட்டிய வேன்களில் நீண்ட தலைமுடியோடு வந்திறங்கிய அந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் பார்த்த நினைவு வாசகர்களுள் சிலருக்கேனும் இருக்கக்கூடும்.

பழைய வண்டியை விலை பேசுவது, பழைய நகையை விலை பேசுவது போன்றது. பளபளப்பைக் கண்டு மயங்கியவன் ஏமாறுவான். இதில் மெக்கானிக்குகளும் விதிவிலக்கல்லர். அவர்களுடைய கண் என்ஜின் மேலேயே செல்லும். உண்மையில் இவ்வகை வண்டியில் என்ஜின்தான் மிக எளிய பாகம். தண்ணீரும் ரேடியேட்டரும் இல்லாமல் காற்றால் குளிரும் என்ஜின் அது. சில போல்ட்டுகளைக் கழற்றினால் பின்புறமாகக் கீழே இறக்கிவிடலாம், பழுதானால் மாற்றிவிடலாம். மாற்ற முடியாதது உடல். அடிச்சட்டமும் மேற்கூடும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட இந்த வண்டியில் அடித்தகரம் துருவேறினால் வண்டியே இல்லை. துருவை யாழ்ப்பாணத்தார் ‘கறள்’ என்பார்கள். அந்தச் சொல்லிலேயே ஒரு கடிப்பு இருக்கிறது.

அவர் பார்த்த முதல் வண்டி புதுமணப்பெண் போல் சிவப்பும் வெள்ளையுமாக மின்னியது. விலை 14,000 பவுண்டு. பெயிண்டில் கீறல் விழாதபடி மெல்லிய துணியில் சுற்றிய காந்தம் ஒன்றை அவர் சட்டைப்பையில் கொண்டுபோயிருந்தார். கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிச்சட்டத்தில் அதை வைத்தார், ஒட்டவில்லை. சக்கர வளைவில் வைத்தார். அங்கும் வழுக்கி விழுந்தது. தகரம் இருக்கவேண்டிய இடத்தில் பட்டி பூசி, தேய்த்து, வர்ணம் அடித்திருந்தார்கள். முலாம் பூசிய வளையலை உரைகல்லில் உரைத்த கதைதான். விற்பவரிடம் வாதாடாமல், தேநீருக்கு நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினார்.

இரண்டாவது வண்டியில் உடல் நன்றாக இருந்தது, பத்திரம் சரியில்லை. இவ்வகை வண்டியின் அடையாள எண் என்ஜின் அறையின் வலப்புறத் தகரத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணின் மூன்றாம் இலக்கம் எந்த ஆண்டு மாதிரி என்பதைச் சொல்லிவிடும். பதிவுப் புத்தகத்தில் 1972 என்றும் தகரத்தில் வேறோர் ஆண்டின் இலக்கமும் இருந்தன. எண்ணைச் சுற்றிப் பற்றவைத்த தழும்பும் தெரிந்தது. பத்திரமும் பொருளும் ஒத்துப்போகாத இடத்தில் பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் கைநீட்டலாகாது. அவர் நீட்டவில்லை.

மூன்றாவது வண்டி தென்மேற்கு இங்கிலாந்தின் ஒரு கிராமத்தில், கணவரை இழந்த முதிய ஆங்கிலேய மாது ஒருவரின் கொட்டகையில் நின்றது. நீலமும் வெள்ளையும் வெளிறிப்போயிருந்தன. உயர்த்தக்கூடிய கூரையின் கான்வாஸ் கிழிந்திருந்தது. ஆனால் அந்த மாது ஒரு பிஸ்கட் தகரப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆண்டுச் சோதனைச் சான்றிதழ்கள் அதில் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் வண்டி ஓடிய தூரம் ஒழுங்காக ஏறிக்கொண்டே வந்தது. காந்தமும் எங்கும் ஒட்டியது. 8,500 கேட்டார், 8,000 பவுண்டுக்கு முடிந்தது. சாவியைக் கொடுத்தபின் அந்த மாது வண்டியின் முன்பக்கத்தை ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டு, திரும்பிப் பாராமல் வீட்டுக்குள் சென்றுவிட்டார்.

செலவுக் கணக்கு எழுதும் பொறுப்பை அம்மையார் ஏற்றார். நாற்பது பக்க நோட்டில் பிள்ளையார் சுழி போட்டு, வாங்கிய விலையை முதல் வரியில் எழுதினார். சீரமைக்க 5,000 பவுண்டு போதும் என்பது கணவரின் மதிப்பீடு. அந்த மதிப்பீடு இரண்டு மாதம் நிலைத்தது.

உள்ளே இருந்த ஒட்டுப்பலகை அலமாரிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, பின்பக்கம் சுண்ணக்கட்டியால் எண்ணிட்டு, திருகாணிகளைத் தனித்தனி ஹார்லிக்ஸ் பாட்டில்களில் போட்டுப் பெயர் ஒட்டிவைத்தார் அவர். பழைய பொருளைப் பிரிப்பவர்கள் முதலில் கற்கவேண்டியது இந்தப் பொறுமையைத்தான். பிரிப்பது ஒரு வாரம், எது எங்கே இருந்தது என்று நினைவுபடுத்திக்கொள்வது ஆறு மாதம் என்று ஆகிவிடும். பிறகு ஓட்டுநர் காலடியில் இருந்த ரப்பர் விரிப்பைத் தூக்கினார். கீழே தரை தெரிந்தது. வண்டியின் தரையன்று, வீட்டு முற்றத்தின் தரை.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி பெட்டிச்சட்டத்தில் காத்திருந்தது. இவ்வண்டியின் கதவடிச் சட்டம் ஒரே தகரமன்று. வெளியே ஒன்று, நடுவே ஒன்று, உள்ளே ஒன்று என மூன்று அடுக்கு. முன்னொரு காலத்தில் யாரோ உள்ளிரண்டும் உளுத்துப்போனதைக் கண்டும் காணாததுபோல், வெளித்தகரத்தின் மேல் புதுத் தகரத்தை வைத்துப் பற்றவைத்துவிட்டிருந்தார்கள். காந்தம் பட்டியைக் காட்டிக்கொடுக்கும். தகரத்தின் மேல் தகரத்தை மூடியிருந்தால் அதற்கு ஒன்றும் தெரியாது. திருப்புளியால் குத்தியபோது துரு அவல் போல் உதிர்ந்தது. வெல்டிங் செய்பவர் வண்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அந்த வேலைக்கு மட்டும் 7,500 பவுண்டு ஆகும் என்றார். பிற செலவுகள் 3,500. இதற்கிடையே, உதிரி பாகங்களுக்காக அப்படியே வாங்கிக்கொள்வதாக ஒருவர் 5,000 பவுண்டு தர முன்வந்தார்.

இத்தகைய கட்டத்தில்தான் மனிதர்கள் தவறான கணக்குப் போடுகிறார்கள். ‘இவ்வளவு போட்டாயிற்றே’ என்று போன பணத்தை மீட்பதற்காக மேலும் பணத்தைப் போடுவார்கள்; அல்லது ‘போதும் இந்தச் சனியன்’ என்று கோபத்தில் தள்ளிவிடுவார்கள். இரண்டும் போனதைப் பார்த்தே எடுக்கும் முடிவுகள். அந்த அம்மையார் பள்ளிப் படிப்போடு நின்றவர். ஆயினும் அன்று இரவு அவர் கேட்ட கேள்விகளைக் கடன் வழங்கும் எந்த அதிகாரியும் கேட்டிருந்தால் பாராட்டலாம்.

“இஞ்சாருங்கோ, போன காசை விடுங்கோ. இனி எவ்வளவு வேணும்?”

“பதினோராயிரம்.”

“அது போட்டால் எங்களுக்கு என்ன கிடைக்கும்?”

“நீர் நினைச்ச நேரம் சாப்பிட்டு, படுத்து எழும்பிக் கோயிலுக்கு வரலாம்.”

“அந்தக் காசு இல்லாமல் எங்கட வீட்டுச் செலவு ஓடுமோ?”

“வீட்டுச் செலவு ஓடும். நல்லூர்த் திருவிழாவுக்குப் போறதுதான் தள்ளிப்போகும்.”

அதுதான் உண்மையான விலை. 2023-ஆம் ஆண்டு நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்குச் சென்று, எண்பதை நெருங்கிய தமக்கையையும் பார்த்துவரவேண்டும் என்று அம்மையார் நேர்ந்திருந்தார். விமானச் சீட்டுக்கும் செலவுக்குமாகத் தனியே வைத்திருந்த தொகைதான் இப்போது கேட்கப்பட்டது. அவர் உடனே விடை சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துத் தமக்கையோடு தொலைபேசியில் பேசினார். சிறுவயதில் பாட்டியோடு வண்டிலில் ஏறித் தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதிக்குப் போனதையும், வண்டிலுக்கு அடியில் தொங்கிய அரிக்கேன் விளக்கின் வட்ட வெளிச்சம் கூடவே ஓடிவந்ததையும் இருவரும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். பின்னர் நோட்டில் ‘வெல்டிங் முன்பணம்’ என்று எழுதிக் கணவரிடம் நீட்டினார்.

ஒரு கருத்தை இங்கே சொல்லியாகவேண்டும். பழைய வண்டியை ‘முதலீடு’ என்று சொல்லி ஆசை காட்டுபவர்கள் உண்டு. விலை ஏறுவதாகப் பட்டியல் காட்டுவார்கள். காப்பீடு, நிறுத்துமிடம், வெல்டிங், இரவுத்தூக்கம் ஆகியவற்றை அந்தப் பட்டியலில் எழுதமாட்டார்கள். பணம் பெருகவேண்டும் என்பவர்க்கு வைப்புநிதி இருக்கிறது. இந்தத் தம்பதியர் வாங்கியது பயன்பாட்டை. அந்த அளவில்தான் இச்செலவை நியாயப்படுத்த முடியும்.

வெல்டிங் வேலை நான்கு மாதம் நடந்தது. சட்டத்தை வெட்டுவதற்கு முன் கதவு இடைவெளிகளில் குறுக்குக் கம்பிகளை வைத்து முட்டுக்கொடுத்தார்கள். முட்டில்லாமல் வெட்டினால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும், பிறகு பக்கவாட்டில் நகரும் கதவு ஒருநாளும் சரியாக மூடாது. இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் தொடாமல், ஒன்றை முழுதும் முடித்தபின் மற்றதை எடுத்தார்கள். துரு படிந்த தகரத்தோடு சமரசம் கிடையாது. வெள்ளையான நல்ல தகரம் வரும்வரை வெட்டவேண்டும், அது எவ்வளவு மேலே போனாலும் சரி. சில இடங்களில் இரண்டு அங்குலம் என்று நினைத்தது பத்து அங்குலம் ஆயிற்று. ஜாக்கி வைக்கும் இடங்களும், அவற்றை நடுச்சட்டத்தோடு இணைக்கும் கைகளும் புதிதாயின. வெல்டிங் செய்பவர் அனுமதித்ததால் நம் பெரியவர் நாள்தோறும் போய்த் தகரத்தைத் தேய்த்துக்கொடுத்தார். கூலியில் ஒரு பகுதி அதனால் குறைந்தது.

என்ஜின் வேலையை அவரே பார்த்தார். 1600 கன சென்டிமீட்டர்; எதிரெதிராகப் படுத்திருக்கும் நான்கு சிலிண்டர்கள். முதலில் அவர் மாற்றியது பெட்ரோல் செல்லும் ரப்பர் குழாய்களை. இவ்வண்டிகள் பல நடுவழியில் எரிந்து சாம்பலானதற்குக் காரணம் வெடிப்பு விட்ட ஒரு சாண் குழாய்தான். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் வழக்கமான பெட்ரோலில் பத்து விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. பழைய ரப்பரை அது இன்னும் விரைவாக அரிக்கும். போதாக்குறைக்கு இந்த என்ஜினின் உறை மக்னீசியக் கலப்பு உலோகத்தால் ஆனது; ஒருமுறை தீப்பற்றிக்கொண்டால் அணைப்பது எளிதன்று. எத்தனாலைத் தாங்கும் குழாயும், ஒவ்வொரு முனையிலும் பிடிப்பானும் போட்டு, என்ஜின் அறைக்கு ஒன்றும் ஓட்டுநர் அருகே ஒன்றுமாகத் தீயணைப்பான் வைத்தபின்னரே அவர் சாவியைத் திருப்பினார்.

பிரேக் குழாய்கள் பார்வைக்கு நன்றாக இருந்தும் மாற்றப்பட்டன. பழைய ரப்பர் உள்ளே வீங்கினால், மிதியை விட்டாலும் பிரேக் பிடித்தபடியே இருக்கும். டயர்களின் பள்ளம் புதிதுபோல் ஆழமாகத்தான் இருந்தது. ஆனால் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். அவை பதினான்கு வயதான டயர்கள். ஐந்தும் போயின. மின்னாக்கியின் அச்சிலேயே குளிர்விக்கும் விசிறி இருப்பதால், ஃபேன் பெல்ட் அறுந்தால் என்ஜின் வெந்துவிடும். சிவப்பு விளக்கு எரிந்த கணத்தில் வண்டியை நிறுத்தவேண்டும் என்பதை அவர் மனைவிக்கும் சொல்லிவைத்தார். ஓட்டுபவரைவிட அருகில் இருப்பவர்தானே அதிகம் கவனிக்கிறார்!

நாற்பது ஆண்டு கடந்த வண்டிக்கு ஆண்டுச் சோதனையும் பிரிட்டனில் கட்டாயமன்று. பெரிய மாறுதல் எதுவும் செய்யப்படாதிருந்தால் போதும். அந்தச் சலுகையை மட்டும் அவர் ஏற்கவில்லை. ஆண்டுதோறும் பணம் கட்டிச் சோதிக்கக் கொண்டுபோகிறார்.

பெயிண்ட் வேலை மழையால் தாமதமாயிற்று. பிரைமர் பூசிவிட்டால் தகரத்துக்குப் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். பிரைமர் ஈரத்தை உறிஞ்சும். மேற்பூச்சு இல்லாமல் ஒரு குளிர்காலம் நின்றால் அடியில் மறுபடி கறள் தொடங்கும். ஆகவே 2024-இன் வெயில் நாட்களுக்குக் காத்திருந்து, பழைய நீலமும் வெள்ளையுமே பூசினார்கள். மூடிய சட்டங்களுக்குள் மெழுகுக் குழம்பைக் குழல் வழியே பீய்ச்சி அடைத்தார்கள். யார் கண்ணிலும் படாத இந்த வேலைக்குத்தான் அவர் மிக நல்ல சரக்கை வாங்கினார்.

உள்ளமைப்பில் அம்மையாரின் சொல்லே சட்டம். பழைய எரிவாயு அடுப்பை அகற்றிப் புதியது வைத்தார்கள். எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தங்கும். அதனால் உருளை இருக்கும் பெட்டியின் அடியில் வாயு வெளியேறத் துளை வேண்டும். அதனோடு நச்சுவாயுவை உணர்த்தும் ஒலிப்பானும் பொருத்தினார்கள். முழங்காலுக்கு ஏற்றபடி கதவருகே வைத்து எடுக்க ஒரு மரப்படி செய்தார் கணவர். சிறிய கழிவறைப் பெட்டி ஒன்றும் வந்து சேர்ந்தது. அங்கேதான் சிக்கல் எழுந்தது. அடுப்பும், சாமி படமும், கழிவறையும் எட்டடி நீளத்துக்குள் எப்படி இருக்கும்? பல நாள் பேச்சுக்குப் பின், பிள்ளையார் படம் முன்கண்ணாடிக்குக் கீழே இடம்பெற்றது. கழிவறைப் பெட்டி கட்டிலுக்கு அடியில் கடைக்கோடிக்குப் போயிற்று. நடுவே கனத்த திரை. நோயாளிக்கும் முதியோர்க்கும் ஆசாரத்தில் விலக்கு உண்டு என்று கணவர் சொல்லிப்பார்த்தார். திரை தைக்கும்வரை அம்மையார் ஒப்பவில்லை. கற்பூரத்தை வண்டிக்குள் ஏற்றுவதில்லை என்று கணவர் கேட்டுக்கொண்டதை அவரும் ஒப்புக்கொண்டார். எரிவாயுவும் திரைச்சீலையும் இருக்கும் இடத்தில் தீபாராதனை வெளியில்தான்.

ஆகஸ்டு மாதம் ஒரு காலையில் நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து வண்டி புறப்பட்டது. இலக்கு, வேல்ஸ் நாட்டின் கார்மார்தன் வட்டாரத்துக் குன்றுகளுக்கிடையே 1973-இல் நிறுவப்பட்ட ஸ்கந்த வேல் ஆசிரமத்து முருகன் கோயில். வண்டிக்கும் ஆசிரமத்துக்கும் ஒரே வயது என்பதை வழியில்தான் இருவரும் கவனித்தார்கள். மணிக்கு ஐம்பது மைலுக்கு மேல் அவர் மிதிக்கவில்லை. லாரிகளெல்லாம் முந்திச் சென்றன. செவர்ன் ஆற்றின் பாலத்தில் பக்கக் காற்று வண்டியைத் தள்ளியபோது அம்மையார் கந்த சஷ்டிக் கவசத்தைச் சற்று உரக்கவே சொன்னார். பன்னிரண்டரை மணிக்கு ஓர் ஓய்விடத்தில் நிறுத்தி, ஊசி போட்டு, சோறு சூடாக்கி, கத்தரிக்காய்க் குழம்போடு உண்டு, கட்டிலை விரித்து முக்கால் மணி நேரம் படுத்தார். அவர் எழுந்தபோது கணவர் வெளியே புல்லில் அமர்ந்து என்ஜின் எண்ணெயின் அளவுக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாலையில் அருகிலுள்ள முகாம் திடலில் தங்கி, மறுநாள் விடியுமுன் வெந்நீர் வைத்து முழுகி, ஈரத்தலையோடு சந்நிதிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பூசை முடியும்வரை அம்மையார் நாற்காலி கேட்கவில்லை.

திரும்பும் வழியில் மழை. முன்கண்ணாடியின் ரப்பர் விளிம்பிலிருந்து நீர் சொட்டி அம்மையாரின் பாதத்தில் விழுந்தது. வீடு வந்ததும் கணவர் கண்ணாடியைக் கழற்றினார். கீழ்ச்சட்டத்தில் கட்டைவிரல் நகத்தளவு கறள், புதிது. சுரண்டி, வெள்ளைத் தகரம் கண்டு, பிரைமரும் மேற்பூச்சும் கொடுத்துக் காயவிட்டிருக்கிறார். புது ரப்பர் வாங்கி வைத்தாயிற்று. கந்த சஷ்டிக்குள் கண்ணாடி ஏறிவிடவேண்டும் என்பது அம்மையாரின் கட்டளை. நோட்டின் புதிய பக்கத்தில் ‘நல்லூர்’ என்று தலைப்பிட்டு, அடியில் முதல் தொகையாக முந்நூறு பவுண்டை எழுதியிருக்கிறார்.